உள்ளே போக மட்டும் கேட்ட சம்மதம்

எங்கட மாமிக்குக் கை முறிஞ்ச கிழமை நான் சாதாரண தரச் சோதனைக்குப் படிச்சுக்கொண்டிருந்தன். கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டா எண்டு ஊருக்குச் சொன்னம். வீட்டுக்குள்ள எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலைஞ்சு பெரியாக்கள் வந்து விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிச்சவை. அதில் ஒருவர், கோயில் காரியங்களில் எப்பவும் முன்னுக்கு நிற்பவர், மத்தேயு நற்செய்தி 19ஆம் அதிகாரத்தை எடுத்தார். கடவுள் போட்ட முடிச்சில் மனிசர் கை வைக்கக்கூடாது என்ற பொருளில் வரும் வசனம். திருமணப் பூசைகளில் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லாருக்கும் பாடம். பிறகு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: "இது ரெண்டாயிரம் வருசமா மாறாத சட்டம் பிள்ளை. மாத்த எங்களுக்கு உரிமையில்லை." அடுத்த நாள் மாமி திரும்பிப் போனா.

நான் இப்ப கலைப்பீடத்தில் மூன்றாம் வருசம். மத்தியகால ஐரோப்பா பற்றிய ஒரு பாடத்துக்காக, திருமணம் பற்றித் திருச்சபை அறிஞர்களும் சட்டவாளர்களும் எழுதியதைக் கொஞ்சம் வாசிக்க வேண்டி வந்தது. வாசிக்க வாசிக்க அந்த விறாந்தைதான் கண்ணுக்குள் வந்தது. அவர் சொன்ன முதல் வசனம் வேதம், அதோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவது வசனம் பொய். தெரிந்து சொன்ன பொய் எண்டு நான் நினைக்கேல்ல. ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் ஒரு மனிசி முறிஞ்ச கையோட திரும்பிப் போனா. அதனாலதான் எழுதுறன்.

முதலிலேயே ஒன்று. எட்டாம் ஹென்றியைப் பற்றி இதில் கதைக்கப் போவதில்லை. திருச்சபையும் விவாகரத்தும் எண்டவுடன எல்லாரும் அந்தாளைத்தான் இழுப்பினம். அந்தாள் 16ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்தி நடந்ததில்தான் விசயமே இருக்கு.

வேதத்தில் இருந்தே தொடங்குவம். மாற்கு 10ஆம் அதிகாரத்திலும் லூக்கா 16ஆம் அதிகாரத்திலும் இயேசுவின் பேச்சில் விதிவிலக்கு எதுவும் இல்லை. மனைவியை விலக்கிவிட்டு வேறொருத்தியை மணப்பவன் சோரம் செய்கிறான், கதை முடிஞ்சுது. மத்தேயுவில் மட்டும், 5ஆம் அதிகாரத்திலும் 19ஆம் அதிகாரத்திலும், ஒரு சின்னத் துண்டு கூடுதலாக நிற்கிறது. எங்கட மொழிபெயர்ப்பில் பரத்தைமை என்று வரும்; அது நடந்தால் தவிர, என்று. விறாந்தையில் அவர் விரித்த பக்கத்திலேயே, அவர் நிறுத்தின இடத்தில் இருந்து மூன்று வசனம் தள்ளி இருக்கு. அதை ஆரும் வாசிக்கேல்ல. இதைவிடப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7ஆம் அதிகாரத்தில் இன்னொரு வாசலைத் திறக்கிறார்: நம்பிக்கை கொள்ளாத துணை பிரிந்து போனால், மற்றவர் அந்தக் கட்டுக்குள் இல்லை.

அந்தச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டு திருச்சபை ஓராயிரம் வருசம் ஒரே குரலில் பேசியதா? இல்லை. நான்காம் நூற்றாண்டில் உரோமையில் பவுலின் திருமுகங்களுக்கு உரை எழுதிய ஒருவர் இருந்தார். பெயர் தெரியாது, அம்புரோசியாஸ்டர் என்று பிற்காலத்தில் ஒரு பெயர் ஒட்டிவிட்டார்கள். மனைவி சோரம் போனால் கணவன் அவளை விலக்கி மறுமணம் செய்யலாம் என்று அவர் எழுதினார். மனைவிக்கு அந்த உரிமை இல்லையாம், ஏனென்றால் ஆண்தான் பெண்ணின் தலை. புனித அகுஸ்தீனார் இதற்கு நேரெதிர். சோரத்துக்காகப் பிரிந்தாலும், மற்றவர் உயிரோடு இருக்கும்வரை இருவருக்கும் மறுமணம் கிடையாது. 420ஐ அண்டி, பொலென்தியுஸ் என்பவருக்குப் பதிலாக இரண்டு புத்தகமே எழுதினார். மேற்குலகம் கடைசியில் பிடித்துக்கொண்டது இவரின் நிலைப்பாட்டைத்தான். ஆனால் அதே அகுஸ்தீனார் கடைசிக் காலத்தில் தன் புத்தகங்களைத் திரும்பப் பார்த்து ஒரு மீள்நோக்கு எழுதினார். அதில் இந்தக் கேள்வி மிகவும் கடினமானது என்றும், தான் அதை முழுசாகத் தீர்த்துவிட்டதாக உணரவில்லை என்றும் ஒத்துக்கொள்கிறார். யோசிச்சுப் பாருங்கோ. மாறாத சட்டத்துக்கு அத்திவாரம் போட்ட ஆளே, அத்திவாரத்தில் தனக்குத் திருப்தியில்லை எண்டு எழுதி வைச்சிட்டுப் போயிருக்கிறார்.

பிறகு வந்தவர்களைப் பார்ப்பம். ஏழாம் நூற்றாண்டில் கன்ரபரிப் பேராயராக இருந்த தியோடர், தர்சுஸ் ஊரில் பிறந்த கிரேக்கர், பவுலின்ர ஊர்க்காரர். அவருடைய பெயரில் வழங்கும் தவமுயற்சி நூல், மனைவி வெறுத்து விட்டுப்போய்த் திரும்பி வராவிட்டால், ஐந்து வருசம் கழித்து ஆயரின் சம்மதத்தோடு கணவன் வேறு மணம் செய்யலாம் என்கிறது. 726இல் பாப்பரசர் இரண்டாம் கிரகோரி, ஜேர்மனியப் பகுதிகளில் மறைபரப்பிய போனிபாசுக்கு ஒரு பதில் எழுதினார். மனைவி நோயால் தாம்பத்தியத்துக்கு இயலாதவளாகிவிட்டால் என்ன செய்வது? கணவன் அடக்கமாக இருப்பதே நல்லது, அது பெரிய மனதுள்ளவர்களுக்கு. முடியாதவன் மணம் முடிக்கட்டும், ஆனால் முதல் மனைவியைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். பாப்பரசரின் கடிதம் இது. 757இல் கொம்பியேன் சபை, தொழுநோய் வந்தவர் தன் துணையை விடுவிக்கச் சம்மதித்தால் மற்றவர் மறுமணம் செய்யலாம் என்றது. நான்கு நூற்றாண்டு கழித்துப் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாண்டர் தொழுநோய் எந்தத் திருமணத்தையும் முறிக்காது என்று முடிவாகச் சொன்னார். ஒன்று சரியென்றால் மற்றது பிழை. ரெண்டும் மாறாத சட்டமா இருக்கேலாது.

இவை எல்லாம் நல்ல விதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளி மனைவியை ஓரங்கட்டலாம் என்பதில் என்ன நல்லது? அனேகமானவை ஆணின் வசதிக்கே எழுதப்பட்டவை. நான் சொல்ல வாறது, மனிதர் கூடி, வாதாடி, திருத்தித் திருத்தித்தான் இதைக் கட்டினார்கள் என்பது.

அந்தக் கட்டட வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் 1140ஐ அண்டிய பொலோஞ்ஞாவுக்குப் போகவேண்டும். கிரேஷியன் என்பவர், ஒன்றோடொன்று முரண்பட்ட திருச்சபை விதிகளை எல்லாம் திரட்டி, இசைவாக்கிக் காட்ட ஒரு பெரிய தொகுப்பு நூல் செய்தார். திருச்சபைச் சட்டம் ஒரு படிப்பாக உருவெடுத்ததே அந்த நூலை வைத்துத்தான். அம்புரோசியாஸ்டரின் வரிகள் அவருடைய கைக்கு வந்தபோது, அவை மிலான் ஆயர் புனித அம்புரோசின் பெயரில் இருந்தன. இவ்வளவு பெரிய புனிதர் மறுமணத்துக்கு இடம் கொடுத்திருக்கிறாரே, என்ன செய்வது? அதை மோசடிக்காரர் யாரோ நுழைத்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது என எழுதி அப்பால் தள்ளினார். கொஞ்சக் காலம் கழித்துப் பரிசில் பீற்றர் லொம்பார்ட்டும் அதே பல்லவி. இரண்டாம் கிரகோரியின் கடிதம் பற்றிக் கிரேஷியன் இன்னும் வெளிப்படை: இது திருச்சபை விதிகளுக்கும் நற்செய்திப் போதனைக்கும் எதிரானது. பாப்பரசர் ஒருவர் பிழைவிட்டார் என்று 12ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சட்டவாளர் ஒருவர் சாதாரணமாக எழுதலாம். எங்கட விறாந்தையில் அப்பிடி ஒரு சொல்லுச் சொன்னா தேத்தண்ணிக் கோப்பை பறக்கும்.

இனி இந்தக் கட்டடத்தில் எனக்கு உண்மையாகவே பிடித்த பகுதி. பிடித்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எது ஒரு திருமணத்தை ஆக்குகிறது? அப்பாவின் கையளிப்பா, சீதனமா, குருவின் ஆசியா, உடலுறவா? 866இல் பாப்பரசர் முதலாம் நிக்கலஸ் பல்கேரியருக்கு எழுதிய பதிலில், இருவரின் சம்மதம் போதும் என்றார். அது இல்லாவிட்டால் மற்றச் சடங்கெல்லாம் வீண். கிரேஷியன், சம்மதத்தில் தொடங்கும் திருமணம் உடலுறவில்தான் நிறைவடைகிறது என்றார். லொம்பார்ட்டும் பரிஸ் அறிஞரும், நிகழ்காலச் சொல்லில் கொடுத்த சம்மதமே போதும் என்றார்கள். உடலுறவு கட்டாயம் என்றால் மரியாளும் சூசையும் கணவன் மனைவி இல்லையென்று ஆகிவிடுமே! இந்தக் கேள்வியால் கிரேஷியன் பக்கம் சரியாத் தடுமாறிப் போச்சு. மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில், 1159 முதல் 1181 வரை, இரண்டையும் பொருத்தி ஒரு முடிவு வந்தது. சம்மதம் திருமணத்தை ஆக்கும், உடலுறவு அதை முறிக்க முடியாததாக்கும்.

இதன் அர்த்தம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணும் பதினாலு வயதுப் பையனும், அப்பா அம்மா சம்மதம் இல்லாமல், குரு இல்லாமல், சாட்சிகூட இல்லாமல், ஒரு மரத்தடியில் நின்று நான் உன்னை என் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னால் அது செல்லுபடியான திருமணம். ரகசியத் திருமணங்களைத் திருச்சபை கண்டித்தது, தண்டித்தது, 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அறிக்கை வாசிக்கச் சொன்னது. செல்லாது என்று மட்டும் சொல்லவில்லை, 1563 வரைக்கும். பிரபுக்களின் சம்பந்தக் கணக்குகளுக்கு நடுவில் ஒரு பொடிச்சியின் சொல்லுக்கு அவ்வளவு எடை! சீதனக் கணக்குப் பேசி முடிஞ்சாப் பிறகு பொம்பிளையிட்டக் கேக்கிற எங்கட சனத்துக்கு இதைக் கொஞ்சம் படிப்பிக்கலாம். வயசை மட்டும் விட்டிட்டு.

ஆனால் அந்த எடை ஒருதரம்தான். வாசலில் நின்று "ஓம்" என்று சொல்லும் அந்தக் கணத்தில் மட்டும். உள்ளே போன பிறகு, அவள் என்ன சொன்னாலும் அது சம்மதம் பற்றிய கேள்வி ஆகாது. இரண்டு ராணிகளின் கதையில் இதை நேராகப் பார்க்கலாம்.

முதலாவது தியூத்பெர்கா. 855இல் லொத்தரிங்கிய அரசன் இரண்டாம் லொத்தார் அவளை மணந்தான். இரண்டு வருசத்தில் அவளைத் தள்ளிவிட்டு, முந்திய துணையான வால்த்ராதாவை ராணியாக்க வெளிக்கிட்டான். சொந்தச் சகோதரனோடு தகாத உறவு என்று அவள் மேல் குற்றச்சாட்டு. அதன் விபரங்களை நான் எழுதப் போவதில்லை, அவ்வளவு அசிங்கம். அவள் சார்பில் ஓர் ஆள் கொதிதண்ணீர்ச் சோதனைக்குப் போய் வென்று வந்தான். அதற்குப் பிறகும் 860இல் ஆகனில் ஆயர்கள் முன்னால் அவளிடம் இருந்து ஒப்புதல் வாக்குமூலம் பிடுங்கினார்கள். ரைம்ஸ் பேராயர் ஹிங்க்மார் இதை எதிர்த்துப் பெரிய நூலே எழுதினார். 863இல் மெற்ஸ் சபை அரசன் பக்கம் தீர்ப்புச் சொல்ல, பாப்பரசர் நிக்கலஸ் அந்தச் சபையையே ரத்துச் செய்தார். கொலோன், திரியர் பேராயர்கள் இருவரையும் பதவியில் இருந்து இறக்கினார். அரசனுக்கு எதிராக ஒரு பெண்ணுக்காகத் திருச்சபை நின்ற இடம் இது. மனசார மதிக்கிறேன்.

பிறகு 867இல் தியூத்பெர்காவே பாப்பரசருக்கு எழுதினாள், என்னை விட்டுவிடுங்கள் என்று. பத்து வருசம் இழுபட்டுக் களைத்துவிட்டாள். அவளை வற்புறுத்தி எழுத வைத்திருக்கிறார்கள் என்று நிக்கலஸ் சந்தேகப்பட்டார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அவருடைய பதில் சந்தேகத்தோடு நிற்கவில்லை. கற்பு வாழ்வுக்காக அவள் பிரிய விரும்பினாலும், கணவனும் அதே வாழ்வை ஏற்றால் ஒழிய அனுமதி இல்லை என்றார். வால்த்ராதாவைத் தவிர வேறொன்றும் நினைக்காத லொத்தாரா துறவறம் ஏற்கப் போறான்? ஆக, உயிருக்குப் பயந்து ஒருதரம் ஓடித் தப்பினவள், தன் விடுதலைக்கு அதே ஆளின் கையெழுத்தைக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது இங்கபோர்க், டென்மார்க் இளவரசி. 1193 ஆகஸ்ட் 14இல் பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப்புக்கும் அவளுக்கும் கலியாணம். அடுத்த நாளே அவன் அவள் வேண்டாம் என்றான். ஏன் என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் கொம்பியேனில் கூடிய ஆயர்களும் பிரபுக்களும், அவள் அரசனின் இறந்துபோன முதல் மனைவிக்குச் சொந்தம் என்று ஒரு வம்ச அட்டவணையைக் காட்டித் திருமணம் செல்லாது என்றார்கள். பாஷையே தெரியாத அந்தப் பெட்டை, தெரிந்த ஒன்றிரண்டு சொல்லில் உரோமைக்கு மேன்முறையீடு என்று அந்தச் சபையிலேயே கத்தினாள். பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் 1200இல் பிரெஞ்சு நாட்டின் மேல் வழிபாட்டுத் தடையே போட்டார். ஆனாலும் அவள் வருசக்கணக்காக மறியலில்தான் கிடந்தாள். 1213இல்தான் பிலிப் அவளை ராணியாக ஏற்றான், இருபது வருசம் கழித்து. இடையில் அவன் மணந்த ஆக்னசின் பிள்ளைகளை இதே இன்னசென்ற் 1201இல் முறைப்படியான வாரிசுகள் என்று ஏற்றுக்கொண்டார்.

முறிக்கவே முடியாது என்ற விதி பெண்களைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் இங்கபோர்க்கைக் காட்டுவார்கள். காட்டட்டும், சரிதான். அவள் இருக்க விரும்பினாள், விதியும் இரு என்றது. தியூத்பெர்கா போக விரும்பினாள், விதி அவளையும் இரு என்றது. இரண்டு இடத்திலும் விதி அவர்களைக் கேட்கவில்லை. ஒருத்தியின் விருப்பம் தற்செயலாக விதியோடு பொருந்திப் போனது, அவ்வளவுதான்.

சரி, வெளியே போகும் வாசல்களே இல்லையா? இருந்தன, கனக்க. உடலுறவு நடக்காத திருமணத்தில் ஒருவர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தால் முடிச்சு அவிழும். இருவரும் திருமுழுக்குப் பெறாத நிலையில் மணந்து, பிறகு ஒருவர் கிறிஸ்தவரானால் பவுல் திறந்த வாசல் உண்டு. திருமணத்துக்கு முன்பே இருந்து, தீராத, உடலுறவுக்கு இயலாத நிலை என்றால் திருமணம் செல்லாது. அதற்கு மூன்று வருசம் சேர்ந்திருந்து பார்க்கச் சொல்லும் விதி உண்டு, அனுபவமுள்ள பெண்களை அனுப்பிச் சோதித்த வழக்குகளும் உண்டு. முன்பே வேறொருவருக்குச் சொல் கொடுத்திருந்தால் செல்லாது. மிரட்டி மணம் முடித்து வைத்தால் செல்லாது, ஆனால் அந்தப் பயம் திடமான ஓர் ஆளையும் அசைக்கக்கூடிய பயமாக இருக்க வேண்டும். அப்பாவின் முகத்துக்குப் பயந்து தலையாட்டினது பொதுவாக அந்தக் கணக்கில் வராது.

பிறகு சொந்தம். 1215க்கு முன் ஏழாம் தலைமுறை வரை சொந்தத்துக்குள் மணக்கக்கூடாது. முறை மச்சானைக் கட்டும் எங்கட ஊரை அந்தக் காலச் சட்டவாளர் ஒருவர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். இந்த விதி பெரிய இடத்துக்கு எவ்வளவு வசதி என்பதற்கு அக்கித்தேனின் எலினோர் சாட்சி. 1137இல் பிரெஞ்சு அரசன் ஏழாம் லூயியை மணந்தவள். 1149இல் பாப்பரசர் மூன்றாம் இயூஜின் இருவரையும் சமாதானப்படுத்தி, இனிச் சொந்தம் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது என்று உறுதிப்படுத்தினார். 1152 மார்ச்சில், ஆண் வாரிசு இல்லாத அதே திருமணம், அதே சொந்தத்தைக் காட்டிச் செல்லாமல் போனது. எட்டுக் கிழமையில் அவள் மணந்த ஹென்றியும் அவளுக்குச் சொந்தக்காரன்தான்!

1215இல் லாத்தரன் சங்கம் ஏழை நாலாகக் குறைத்தது. ஏன் நாலு? உடம்பில் நான்கு திரவங்கள் இருக்கின்றனவாம், அவை நான்கு பூதங்களால் ஆனவையாம், ஆகவே நாலு பொருத்தம். நான் பகிடி விடேல்ல, சங்கத்தின் 50ஆம் விதியில் அப்படித்தான் இருக்கு. அதைவிட முக்கியம் அந்த விதியின் தொடக்கம். காலம் மாறும்போது, தேவை வற்புறுத்தும்போது, மனிதர் ஆக்கிய விதிகள் மாறுவதைக் குற்றமாக நினைக்கக்கூடாது என்ற பொருளில் ஆரம்பிக்கிறார்கள். பொதுச்சங்கம், பாப்பரசர் தலைமையில்.

இதை வைத்துக்கொண்டு, காசிருந்தவனுக்கு எல்லாம் விவாகரத்துக் கிடைத்தது, ஏழைக்குத்தான் கிடைக்கவில்லை என்று ஒரு சுலபமான கதை கட்டலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபை நீதிமன்றப் பதிவுகளை ஆராய்ந்த ஹெல்ம்ஹோல்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் வேறு படம் காட்டுகிறார்கள். சாதாரண சனம் அங்கே போனது பெரும்பாலும் திருமணத்தை முறிக்க இல்லை, நடந்த திருமணத்தை நிரூபிக்க. எனக்குச் சொல் தந்தவன் இப்ப மறுக்கிறான் என்று சொல்லும் வழக்குகள். சொந்தம் காட்டி முறித்தவை மிகக் குறைவு. ஆகவே பணக்காரன் ஏழை என்ற கணக்கு மட்டும் போதாது. எந்த நோவை இந்தச் சட்டம் நோவாகக் கண்டது என்று கேட்க வேண்டும்.

1390களின் நடுவில் யோர்க் திருச்சபை நீதிமன்றத்தில் மார்கரெட் நெஃபெல்ட் என்ற பெண் தன் கணவன் தோமஸிடம் இருந்து பிரிந்து வாழ அனுமதி கேட்டாள். கவனியுங்கோ, மறுமணம் கேட்கவில்லை. படுக்கையும் சாப்பாட்டு மேசையும் வேறாக்கும் பிரிவு மட்டும். முடிச்சு அப்படியே இருக்கும். கணவன் கத்தியோடு பாய, அவள் அழுதுகொண்டு தெருவுக்கு ஓடினதைச் சாட்சிகள் சொன்னார்கள். இன்னொரு தரம் குத்துவாளால் கையில் வெட்டி எலும்பை முறித்ததையும் சொன்னார்கள். தான் செய்தது எல்லாம் அவளைத் திருத்துவதற்கான நியாயமான கண்டிப்பு என்றான் தோமஸ். நீதிமன்றம் பிரிவுக்குப் போதிய காரணம் இல்லை என்றது. அவளை ஒழுங்காக நடத்துவதாகக் கணவன் பிணை கொடுக்க வேண்டும், இருவரும் சேர்ந்து வாழ வேண்டும்.

இதை நூலகத்தில் வாசிச்ச அண்டைக்கு நான் வேறொண்டும் வாசிக்கேல்ல.

இனி இதைப் பாருங்கள். மோசேயின் சட்டம் விவாகரத்துக்கு இடம் கொடுத்ததே, அது ஏன் என்று மத்தியகால இறையியலாளர்கள் கேட்டார்கள். அவர்களிடையே வழக்கமான பதில்: பெரிய தீமை ஒன்றைத் தவிர்க்க. எந்தப் பெரிய தீமை? மனைவியைக் கொல்வது. வெறுத்த மனைவியை விலக்க முடியாவிட்டால் ஆண் அவளைக் கொன்றுவிடுவான், அதனால் மோசே அனுமதித்தார் என்று லொம்பார்ட்டின் நூலுக்கு உரை எழுதியவர்கள் விவாதித்தார்கள். தோமஸ் அக்குவைனாஸ் இறந்த பிறகு அவருடைய பெரிய நூலுக்குத் தொகுத்துச் சேர்த்த அனுபந்தத்திலும் இந்த விவாதம் இருக்கு. ஆக, அவர்களுக்குத் தெரியும். வெளியே போக வழியில்லாத வீட்டில் ஆருடைய உயிர் போகும் என்று நன்றாகவே தெரியும். அது தெரிந்தும், அந்த அனுமதி கடினமனசுக்காரருக்குக் கொடுத்தது, இப்ப அருளின் காலம் என்று வாசலை மூடினார்கள். அருளின் காலத்திலும் தோமஸ் நெஃபெல்டின் கையில் குத்துவாள் இருந்தது.

எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்தை மறைத்துப் போட்டு வெல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வாதமும் அக்குவைனாசிடம்தான் இருக்கு. ஒரு பெண்ணை அவளுடைய இளமையில் எடுத்து, அழகு போன பிறகு விலக்க ஆணுக்கு உரிமை இருந்தால் அது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று எழுதுகிறார். கணவன் மனைவிக்கு இடையில் இருப்பது நட்பிலேயே பெரிய நட்பு, ஆகவே அது நிலைத்திருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். 13ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் திருமணத்தை நட்பு என்று சொன்னது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் அதே இடத்தில் பெண் ஆணைப் பிரிய முடியாததற்கு அவர் சொல்லும் காரணம், அவளை ஆள ஒரு ஆண் வேண்டும் என்பது. நட்பும் ஆளுகையும் ஒரே பக்கத்தில்! எந்த நட்பில் ஒருத்தர் மற்றவரை ஆள, மற்றவருக்கு எழும்பிப் போகவும் உரிமை இல்லாமல் இருக்கும்? அதைவிட, கைவிடப்படுவதில் இருந்து பெண்ணைக் காப்பதற்கும் அடிக்கிறவனோடு அவளைக் கட்டி வைப்பதற்கும் ஒரே விதியைப் பாவிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நோயாளி மனைவியைப் பராமரிக்கும் கடமையைத் தனியாகப் பிரித்து எழுத இரண்டாம் கிரகோரிக்கு 726இலேயே தெரிந்திருந்தது.

கிழக்கே கிரேக்கத் திருச்சபை இதே மத்தேயுவை வாசித்து, சோரத்துக்குப் பிறகு மறுமணத்துக்கு இடம் கொடுத்து வந்தது. அவர்களைச் சபிக்க 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம்கூடத் துணியவில்லை. வெனிஸ் ஆட்சிக்குக் கீழ் இருந்த தீவுகளில் கிரேக்கர் வாழ்ந்ததால், வெனிஸ் தூதுவர்கள் கேட்டுக்கொண்டபடி, சோரம் முடிச்சை அவிழ்க்கும் என்பவர் மேல் அல்லாமல், திருச்சபை இதில் தவறிழைக்கிறது என்பவர் மேல் மட்டும் சாபம் விழும்படி விதியின் வாசகத்தை மாற்றினார்கள். ஒரு சொல்லை எங்கே வைப்பது என்று அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினவை இவர்கள்.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று விட்டுவிட முடியாது. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர் உரோமைச் சட்டத்தை உதறி, சோரத்துக்கும் வன்மத்தோடு கைவிட்டுப் போனதற்கும் விவாகரத்துக் கொடுத்தார்கள். அந்த உரோம-டச்சுச் சட்டம் கப்பலில் இங்கேயும் வந்தது. எங்கட 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் எழுதியிருக்கும் விவாகரத்துக் காரணங்கள் மூன்று: சோரம், வன்மத்தோடு கைவிடுதல், மணம் முடிக்கும் நேரத்திலேயே இருந்த, குணப்படுத்த முடியாத, உடலுறவுக்கு இயலாத நிலை. மூன்றாவதைப் பார்த்தால் 12ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சட்டவாளர்களின் கையெழுத்துத் தெரியும். அடி உதை அந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை. அடித்த கணவனே அவளைக் கைவிட்டவன் மாதிரி என்று சுத்தி வளைத்து வாதாட வேண்டும். மார்கரெட்டின் முறிந்த எலும்புக்கு யோர்க்கிலும் தனிப்பெயர் இருக்கவில்லை, எங்கட சட்டப் புத்தகத்திலும் தனிப்பெயர் எழுதேல்ல.

போன நத்தாருக்கு அந்தப் பெரியவரைக் கண்டனான். வரலாறு படிக்கிறியாம், நல்லது எண்டார். லாத்தரன் சங்கத்தின் 50ஆம் விதி எப்படித் தொடங்குகிறது என்று சொன்னேன். அது சொந்தக்காரர் முடிக்கிறதைப் பற்றினது பிள்ளை, இது வேற விசயம் எண்டார். எப்பிடி வேற எண்டு கேட்டன். தேத்தண்ணி ஆறுது, குடி எண்டார்.